உட்கார வைத்த வீடு

சிஸ்டருக்கு உட்காரத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குச் சைக்கிள் வராது, சிஸ்டருக்கு உட்கார வராது. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் அவரைவிட மூத்தவர்கள்கூட சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டில் அவருக்கென்று ஒரு மேஜையும் நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். மேஜை மேல் மருந்து இருந்தது, நாற்காலி மேல் போர்வைகள் இருந்தன. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்காராமல் பரிமாறப் போய்விடுவார். பெண் வீட்டார் அவரை மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் சமையல்காரரின் ஆள் என்று நினைப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த கணவர் பஸ் கண்டக்டர். ஆயுசெல்லாம் நின்றுகொண்டே சம்பாதித்த மனிதர் என்பதால், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து உட்காருவதை ஒரு தவமாகவே செய்துவந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து வீட்டில் ஒரு சாய்வு நாற்காலியே போதுமானதாக இருந்தது.

போன வருஷம் மகனும் மருமகளும் இரண்டு தெரு தள்ளித் தனிக்குடித்தனம் போனார்கள். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகமாகவே போனார்கள். சிஸ்டருக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாக நின்றுவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார்: "என் மருமகள ஒரு துரும்பக்கூட எடுத்துப்போட விட்டதில்ல. மகாராணி மாதிரி வச்சிருந்தேன். அப்படியும் போயிட்டா பாருங்க." கேட்டவர்கள் உச்சுக்கொட்டி, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு சிஸ்டர் நாளைத் தள்ளினார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அமைப்பைப் பற்றித் தெரியவந்தது. வீடில்லாத குடும்பங்களுக்கு வெளிநாட்டில் வீடு கட்டித் தருகிறார்கள், உடம்பில் தெம்பிருந்தால் தொண்டுக்கு வரலாம், தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. சிஸ்டர் ஒரே மூச்சில் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்னு சொல்லுவாங்க. கல்யாணத்தப் பண்ணிப் பாத்தாச்சு. சரி, மிச்சத்தையும் பாத்துடலாம்," என்று சொல்லிக் கண்டக்டர் பெருமூச்சு விட்டுப் பெட்டியை இறக்கினார்.

எட்டுப் பேர் கொண்ட குழுவாகப் போய் இறங்கினார்கள். நீளமான ஒரு தெரு. இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தது போல் சின்னச் சின்ன வீடுகள், எல்லாம் அந்த அமைப்பு வருஷத்துக்கு ஒன்றிரண்டாகக் கட்டிக் கொடுத்தவை. தெருக்கோடியில் காலி மனை. அஸ்திவாரம் முடிந்து சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. அந்த வீட்டுக்கு வரப்போகிறவள் முப்பது வயதுக்காரி. இரண்டு பிள்ளைகளோடு டயர் கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தாள். புருஷன் லாரியில் போனால் எப்போது திரும்புவான் என்று லாரிக்கே தெரியாது. குழுவில் எல்லோரும் அவளை வீட்டுக்காரி என்றே அழைத்தார்கள். வீடு வருவதற்கு முன்பே பட்டம் வந்துவிட்டது.

அவள் பாஷை இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. நடுவில் பாலமாக இருந்தவர் வேலையிடத்து மேற்பார்வையாளர். தமிழ்த் தாய்தகப்பனுக்கு அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் இரண்டிலும் மகா கஞ்சன். யாராவது ஒரு பக்கம் பேசினால் அவர் ஒரு வரியில் முடிப்பார். முதல் நாளே கண்டக்டர் அவருக்குச் சுருக்கெழுத்து என்று பெயர் வைத்துவிட்டார். வரவேற்புக் கூட்டத்தில் அமைப்பின் பெரிய அதிகாரி ஒருவர் நெற்றி வியர்வையைத் துடைத்துத் துடைத்து நெடுநேரம் பேசினார். சுருக்கெழுத்து எழுந்தார். "வாங்கன்னு சொல்றாரு. பாத்து வேலை செய்யணும். குடும்பமும் கூட இருப்பாங்க," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் நாள் காலையில் வீட்டுக்காரி மணல் சலிக்கச் சல்லடையைத் தூக்கியபோது அவள் உள்ளங்கையில் ஒரு வெட்டுக்காயத்தைச் சிஸ்டர் பார்த்துவிட்டார். தகரம் கிழித்த காயம், பழந்துணி சுற்றியிருந்தது. போதாதா சிஸ்டருக்கு? மருந்துப் பை திறந்தது, காயம் கழுவப்பட்டது, மணிக்கட்டுவரை வெள்ளை வெளேரென்று ஒரு கட்டு ஏறியது. பிறகு டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி வந்து நிழலில் போட்டு அவளைத் தோளைப் பிடித்து அமர்த்தினார்.

"இங்க பாரு கண்ணு, இந்தக் கையில தண்ணி படக்கூடாது, சிமென்ட் படவே கூடாது. நீ எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பேன்னு உன் முகத்தப் பாத்தாலே தெரியுது. இவ்வளவு தூரம் நாங்க எதுக்கு வந்திருக்கோம்? இனிமே நீ ஒண்ணும் செய்ய வேணாம். உக்காரும்மா, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்."

இதைச் சொல்லும்போது சிஸ்டரின் கண் கலங்கிவிட்டது. சுருக்கெழுத்து அவளைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். எழுந்திருக்கப் பார்த்த வீட்டுக்காரி மறுபடி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் நாற்காலியிலும் சிஸ்டர் நாலு பேர் வேலையிலும் இருந்தார்கள். மணல் சலித்தார், கல் நனைத்தார், கலவைச் சட்டி சுமந்தார். கண்டக்டர் கல் கடத்தும் வரிசையில் நின்று, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத," என்று கல்லையே அதட்டிக்கொண்டிருந்தார். இடையிடையே சிஸ்டர் ஓடிவந்து வீட்டுக்காரிக்கு டீ கொடுத்தார், கட்டைப் பிரித்துப் பார்த்துப் புதிதாகக் கட்டினார். காயம் ஆறிக்கொண்டே வந்தது, கட்டு மட்டும் மெலியவே இல்லை. ஒரு நாள் வேன் வந்து நின்றபோது வீட்டுக்காரி இடது கையால் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் வேனிலிருந்து குதித்து ஓடி, "ஐயையோ, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்," என்று சல்லடையைப் பிடுங்கிக்கொண்டார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் போய் நாற்காலியில் அமர்ந்தாள்.

தெருவில் போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். சிஸ்டர் கையை ஆட்டுவார். ஒருத்தியும் பதிலுக்கு ஆட்டியதில்லை. வெயில் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது என்று சிஸ்டர் எடுத்துக்கொண்டார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு ஏறிவிட்டால் எதிரே நிற்பவரின் முகம் தெரியாது. இது சிஸ்டருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

சுவர் ஜன்னலைத் தாண்டி மேலே போன பிறகு, ஒரு மத்தியானம் தெருப் பெண்கள் நாலைந்து பேர் மனைக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவள் கனத்த உடம்புக்காரி. தொண்டையைத் திறந்தால் தெருவின் அந்தக் கோடிக்குக் கேட்கும். கண்டக்டர் அந்த இடத்திலேயே அவளுக்கு வெண்கலக்குரல் என்று பெயர் சூட்டினார். அவள் நாற்காலியைக் காட்டினாள், கட்டுப் போட்ட கையைக் காட்டினாள், சுவரைக் காட்டினாள், கடைசியில் சிஸ்டரையும் காட்டினாள். காட்டிக் காட்டிப் பேசித் தீர்த்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். வீட்டுக்காரி குனிந்த தலை நிமிரவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் சிஸ்டர்.

"அவங்களுக்குத் திருப்தி இல்ல," என்றார் சுருக்கெழுத்து.

"அந்தம்மா மூச்சு விடாம பேசினாங்க, நீங்க மூணு வார்த்தை சொல்றீங்க. முழுசா சொல்லுங்க. ஒரு சொட்டு சிந்தக்கூடாது."

வார்டில் டாக்டர்களையே நடுங்க வைத்த குரல் அது. சுருக்கெழுத்து வாழ்க்கையில் முதல்முறையாக நீளமாகப் பேசினார்.

"இந்தத் தெருவுல வீடு வாங்கின எல்லாருமே அவங்கவங்க வீட்டுல கல்லு மண்ணு சுமந்தவங்க. வந்தவங்களோட சேந்து வேலை செஞ்சவங்க. அதான் இங்க சட்டம். கூரை போடற அன்னைக்கு இவங்கல்லாம் வந்து பாத்து, 'சரி, இவ நம்ம தெருவுக்கு வரலாம்'னு சொல்லணும். அப்பத்தான் வீடு கைக்கு வரும். இல்லேன்னா அடுத்து காத்திருக்கற குடும்பத்துக்குப் போயிடும். இவ கை சுவத்துல படவே இல்லையாம். நாளைக்குக் குழாய் ஒடஞ்சாலும் நாற்காலி போட்டுத்தான் உக்காரப் போறா, மத்தவங்கதான் ஓடணும்னு சொல்றாங்க. இப்படிப்பட்டவ எங்களுக்கு வேணாம்ங்கறாங்க."

சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார். "இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னேனே. குடும்பமும் கூட இருப்பாங்கன்னு."

அந்த நிமிஷம் சிஸ்டர் கையில் கலவைக் கரண்டி இருந்தது. சுருக்கெழுத்தின் நல்ல காலம், அவர் இரண்டடி தள்ளி நின்றார். சிஸ்டர் வீட்டுக்காரி முன்னால் போய்க் குத்துக்காலிட்டார். "நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

அவள் மெல்லிய குரலில் சொன்னாள். சுருக்கெழுத்து இந்தத் தடவை எதையும் மிச்சம் பிடிக்கவில்லை. "உக்காருன்னு சொன்னீங்க. வீடு கட்டித் தர வந்தவங்க சொல்லும்போது எப்படி எந்திரிக்கறதுன்னு கேக்கறா. எந்திரிச்சா உங்களுக்குக் கோவம் வந்து போயிடுவீங்களோன்னு பயமா இருந்துதாம்."

இனிக்க இனிக்கச் சொன்னதெல்லாம் அவள் காதில் ஒரு சொல் உத்தரவாக இறங்கியிருக்கிறது. கூரைக்கு இன்னும் நாலைந்து நாள்தான். சுண்ணாம்பு வெளுப்பில் மின்னிய அந்தக் கட்டைப் பார்க்கச் சிஸ்டருக்கே வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் விடுதியில் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, வழக்கம்போல நின்றபடியே சிஸ்டர் பொருமினார். "காலைல நானே அந்தம்மா வீட்டுக்குப் போறேன். தப்பு எங்களோடது, அவ மேல ஒரு குத்தமும் இல்லன்னு கால்ல விழாத குறையா சொல்றேன்."

"சொல்லு," என்றார் கண்டக்டர், மென்றுகொண்டே. "நீ மூச்சு முட்ட பேசுவ, அவரு 'மன்னிச்சுக்கங்க'ன்னு முடிப்பாரு. அப்பவும் அந்தப் பொண்ணு நாற்காலியிலதான் இருப்பா. அவளுக்காக ஓடறது அப்பவும் நீதான்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"ஒண்ணும் செய்யாதேங்கறேன். நீ நின்னா அவ உக்காந்துடறா. நம்ம வீட்டுலயும் அதானே நடந்துது."

சிஸ்டர் தட்டை டக்கென்று வைத்தார். "நம்ம வீட்ட எதுக்கு இழுக்கறீங்க? அவளுக்கு நான் என்ன குறை வச்சேன்? காபிகூட கைல கொண்டுபோய்க் குடுத்தேன்."

"அதத்தான் அவளும் சொன்னா. போற அன்னைக்கு என்கிட்ட வந்து, 'விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தானே மாமா? நான் ரெண்டு வருஷம் விருந்தாளியாவே இருந்துட்டேன். அடுப்படில எந்த டப்பா எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. எனக்குன்னு ஒரு வீடு வேணும்'னா. அழுதுட்டுத்தான் சொன்னா. உன்கிட்ட காட்டிக்கல."

சிஸ்டர் அவர் எதிரே வந்து நின்றார். "ஒரு வருஷம் ஆச்சு. இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எங்கயாவது உக்காந்திருந்தா சொல்லியிருப்பேன்," என்றார் கண்டக்டர்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று பிடிபடாததால் சிஸ்டர் அறைக்குப் போய்த் தலையணை உறைகளைக் கழற்றித் துவைத்துப் போட்டார். விடுதிக்காரன் காலையில்தான் மாற்றிவிட்டுப் போயிருந்தான். துவைத்து முடித்ததும் செய்ய ஒன்றும் இல்லாமல் போய், கட்டிலோரத்தில் உட்கார்ந்து, வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் கட்டைப் பிரித்தார். உள்ளே காயம் கோடாக வற்றிச் சாதுவாக இருந்தது. அதற்கு இனி கட்டும் வேண்டாம், நர்ஸும் வேண்டாம். வீட்டுக்காரி கையை மூடித் திறந்து பார்த்தாள். கூடவே நின்று சேர்ந்து செய்யலாம் என்றுதான் சிஸ்டர் முதலில் நினைத்தார். சல்லடையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறு பக்கத்தை இவர் பிடித்தார். எண்ணி நாலு ஆட்டு ஆட்டுவதற்குள் சல்லடை முழுசாகச் சிஸ்டர் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்ததென்று சத்தியமாக அவருக்குத் தெரியாது. அவள் ஒதுங்கி நின்றாள். கல் வரிசையிலிருந்து கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

சிஸ்டர் சல்லடையைக் கீழே வைத்தார். சுருக்கெழுத்தைக் கூப்பிட்டார்.

"அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வேலை செய்யச் சொல்லணும், அவ்வளவுதானே?"

"வேணாம். அதுவும் உத்தரவுதான். கேளுங்க... 'நான் எங்க உக்காரட்டும்?'னு கேளுங்க."

சுருக்கெழுத்து விழித்தார். இதற்கு மேல் சுருக்க அதில் ஒன்றுமில்லை, அப்படியே கேட்டார். வீட்டுக்காரி சிஸ்டரைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். யாராவது தன் வீட்டில் எங்கே உட்காரலாம் என்று தன்னைக் கேட்பார்கள் என்பது அவள் கணக்கிலேயே இருந்திருக்காது. பிறகு நாற்காலியைத் தூக்கினாள். வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளிக்கு உள்பக்கமாக, முன்னறை வரப்போகிற இடத்தில், வெயில் படாத மூலையாகப் பார்த்துப் போட்டாள். பாவாடை ஓரத்தால் தூசி தட்டினாள். சிஸ்டர் போய் உட்கார்ந்ததும் அவள் நேராகப் போய்ச் சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

அந்த நாலு நாள் சிஸ்டர் பட்ட பாட்டை எழுதி மாளாது. மூன்று ஷிப்ட் தொடர்ந்து பார்த்த காலத்தில்கூட அவருக்கு உடம்பு இப்படி வலித்ததில்லை. வீட்டுக்காரி ஒன்றும் வேலையில் புலி இல்லை. முதல் கலவையைத் தண்ணீராய்க் குழைத்தாள், கொத்தனார் அதைத் திருப்பிக் கொட்டினார். இரண்டாவது கலவை கட்டியாகிவிட்டது. சட்டியைத் தலையில் வைத்தால் பாதி தோளில் வழிந்தது. "முட்டிய மடக்கித் தூக்கும்மா, இடுப்பு போயிடும்" என்று சிஸ்டரின் வாய்வரை வந்து, வந்த வழியே திரும்பிப் போனது. அவர் பிட்டத்தை நாற்காலியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கினால்கூட வரிசையிலிருந்து கண்டக்டரின் குரல் வரும்: "சீட்டுல உக்காருங்க, வண்டி இன்னும் நிக்கல."

குழுவிலிருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து, "உடம்பு சரியில்லையா சிஸ்டர்?" என்று விசாரித்தார்கள். ஒருவர் அவருக்கே மாத்திரை நீட்டினார். தெருப் பெண்கள் போகும்போதும் வரும்போதும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். இப்போது அவர்கள் பார்த்தது சிஸ்டரை. ஏதோ சொல்லிச் சிரித்தபடி போனார்கள். சிரிப்புக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. தண்டச்சோறு என்பது எந்தப் பாஷையிலும் முகத்தில் தெரியும். சிஸ்டருக்குச் சுருக்கென்று குத்தத்தான் செய்தது. குத்தட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

இரண்டாம் நாள் கடைசியில் கொத்தனார் வீட்டுக்காரியின் கலவையைக் கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எடுத்துச் சுவரில் வைத்தார். அவள் திரும்பிச் சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கு முன் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முன்பற்களுக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது.

கூரை போடும் நாள் வந்தது. தகடுகள் சுவரில் சாய்ந்து நின்றன. சாரத்தின் மேல் கொத்தனாரும், கீழிருந்து ஆணிப் பையை எட்டிக் கொடுத்தபடி வீட்டுக்காரியும் இருந்தார்கள். சொன்னபடியே பெண்கள் வந்தார்கள். வெண்கலக்குரல் நேராகப் போய் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளைச் சிமென்ட் அரித்திருந்தது, நகத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தாள். பின்னறையில் புகுந்து வெளியே வந்தாள். முகம் இன்னும் இளகவில்லை. ஏதோ கேட்டாள்.

சுருக்கெழுத்து சிஸ்டரின் காதோரம் குனிந்து, கேட்காமலே முழுசாகச் சொன்னார்: "நாங்க வந்து சத்தம் போட்டப்புறம் நாலு நாள் செஞ்சிருக்க. யார் வேணா செய்வாங்க. இத வச்சு நாங்க என்ன முடிவு பண்றதுன்னு கேக்கறாங்க."

எழுந்து போய், குற்றமெல்லாம் என்னுடையது என்று கத்த வேண்டும் போலிருந்தது சிஸ்டருக்கு. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வீடு போய்விடும். இந்தப் பெண் மறுபடி அந்த ஜன்னலில்லாத அறைக்கு, டயர் நாற்றத்துக்கு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவாள். நல்லது செய்ய வந்தோம் என்று சொல்லிக்கொண்டு நாம் வேன் ஏறிப் போய்விடுவோம்.

அப்போது வெண்கலக்குரலின் பார்வை சிஸ்டர் மேல் விழுந்தது. விரலை நீட்டி ஒரு வார்த்தை சொன்னாள். வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னவாம்?" என்றார் சிஸ்டர்.

சுருக்கெழுத்து நெளிந்தார். "வேணாம் சிஸ்டர்."

"சொல்லுங்க."

"இங்க ஒரு நாற்காலி இருக்கு, அதுக்கு ஒரு சோம்பேறி எப்பவும் கெடைச்சிடறாங்க. மொதல்ல இவ, இப்ப அவ. கடல் தாண்டி வந்து உக்காந்து தின்னுட்டுப் போறதுக்கு இந்தக் கிழவிய யாரு கூப்பிட்டதுன்னு..."

அவர் முடிக்கவில்லை. ஆணிப் பை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரி சாரத்திலிருந்து நகர்ந்து, சிஸ்டரின் நாற்காலிக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெண்கலக்குரலே ஓரடி பின்வாங்கினாள். சிரிப்பு நின்றது.

சுருக்கெழுத்து அவள் வேகத்துக்கே சொல்லிக்கொண்டு வந்தார். "'அவங்கள யாரும் எதுவும் சொல்லாதீங்க. நான்தான் உக்கார வச்சேன். நாற்காலி போட்டதும் நான்தான். என் வீட்டுக்கு வந்தவங்கள எங்க உக்கார வைக்கறதுன்னு எனக்குத் தெரியும். நீங்க யாரு கேக்கறதுக்கு? இது என் வீடு.'"

அதுவரை அவள் அதை அந்த வீடு என்றுதான் சொல்லிவந்தாள். அவங்க கட்டுகிற வீடு என்று சொல்வாள். சொன்ன பிறகு அவளுக்கே பயம் வந்துவிட்டது போலிருக்கிறது, முந்திக்கொண்டு வந்த மூச்சை அடக்கியபடி நின்றாள். வெண்கலக்குரல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூட வந்தவர்களைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி ஒன்று சொல்லிவிட்டு, சாய்த்து வைத்திருந்த பலகையை இழுத்துப் போட்டுத் தொப்பென்று அதன் மேல் உட்கார்ந்தாள்.

"'வீட்டுக்காரிக்கு வாய் வந்துடுச்சு, இனி கூரையப் போடுங்க. நாங்களும் இவ வீட்டுக்கு வந்தவங்கதானே, எங்களுக்குத் தண்ணி கெடையாதா'ன்னு கேக்கறாங்க," என்றார் சுருக்கெழுத்து. அவருக்கு ஏன் கண் கலங்க வேண்டும் என்று தெரியவில்லை, கலங்கியது.

கண்டக்டர் தகடுகளின் பக்கத்திலிருந்து, "ரைட், போலாம்!" என்று கத்தினார். சாரத்தின் மேல் முதல் தகடு ஏறியது. சிஸ்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்காரி சிதறிய ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கியபடியே தலையைத் திருப்பி, சிஸ்டரைப் பார்த்து, குடம் இருக்கும் பக்கம் மோவாயைக் காட்டி என்னவோ சொன்னாள். சுருக்கெழுத்துக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது.

"அது வந்து சிஸ்டர்... உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, அவளுக்குக் கை வேலையா இருக்கறதால, நீங்க கொஞ்சம் தயவு பண்ணி..."

"சுருக்கமா சொல்லுங்க."

"போய்த் தண்ணி கொண்டு வான்னு சொல்றா."

சிஸ்டர் எழுந்தார். குடத்தைச் சாய்த்து டம்ளர்களை நிரப்பும்போது தண்ணீர் பாதி மண்ணில் சிந்தியது. கண்டக்டர் பக்கத்தில் வந்து டம்ளர்களைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு இப்ப அழற? அதான் வீடு கெடைச்சிடுச்சே," என்றார்.

"என்கிட்ட வேலை சொல்றா," என்றார் சிஸ்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வந்து இத்தனை நாள்ல இப்பத்தாங்க என்னயும் வீட்டு ஆளா சேத்திருக்கா." பிறகு, டம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ரெண்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, தண்ணி கொண்டு வாம்மான்னு நான் அவகிட்ட கேட்டதில்லீங்க."